படலையடியில் ஒரு துணை



மாரி ஓய்ந்து காலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. சந்தையில் பனங்கிழங்குக் கட்டுகள் வந்துவிட்டன. தைப்பொங்கலோடு இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. வருசம் பிறக்கிறபோது எல்லா வீடுகளிலும் ஏதாவதொரு தீர்மானம் இருக்கும்: இந்த வருசம் நடக்கவேணும், சீனியைக் குறைக்கவேணும், நேரத்துக்குப் படுக்கவேணும். மாசி பிறக்க முன்னரே அவற்றில் பாதி கைவிட்டுப் போய்விடும்.

வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் மேசையில் இருக்கிறது. அவர் எழுதியபடியே தருகிறேன்: "டொக்டர் நடக்கச் சொல்லுறார். எனக்கும் விருப்பம்தான். கொஞ்ச நாள் நடந்தன். பிறகு மழை வந்திட்டுது. பிறகு மருமகளுக்குச் சுகமில்லை, பேரனை நான்தான் பார்க்கவேண்டியதாப் போச்சு. அப்பிடியே விட்டுப்போச்சு. எனக்கு மனவுறுதி காணாதோ?"

இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே தருகிறேன். ஏனென்றால் இது ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை இல்லாத வீட்டை மறுபடி வீடாக்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டிருக்கும் தலைமுறை இது. இவர்களிடம் மனவுறுதி காணாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த உறுதி முழுவதும் மற்றவர்களுக்காகவே செலவாகிறது. தனக்கென்று வரும்போது நாளில் இடமும் இல்லை, கூட வர ஆளும் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்தால் நடை தானாக நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். உடம்பைப் பேணுவதற்குப் பெரிய வைராக்கியம் வேண்டியதில்லை.

எங்கள் பாட்டன் பாட்டிமார் உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. விடியற்புறத்தில் தோட்டக் கிணற்றில் துலா ஆடும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மணிக்கணக்காக இப்படி இறைப்பு நடக்கும். வீட்டில் உரலில் மா இடிப்பதும், அம்மியில் சம்பல் அரைப்பதும், குனிந்து முற்றம் கூட்டுவதும் பெண்கள் பாடு. கோயிலுக்கும் நடை, சங்கக்கடைக்கும் நடை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. துலா மிதித்தவரும் மா இடித்தவரும் அதை விரும்பிச் செய்யவில்லை. நீரிறைக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் வந்தபோது ஊர் ஆறுதலாக மூச்சு விட்டது. அது நியாயம்தான். ஆனால் அந்த வேலைகளோடு சேர்ந்து, அவற்றுக்குள் இருந்த அசைவும் எங்கள் நாளைவிட்டுப் போய்விட்டது. அதற்கு வேறோர் இடத்தை நாங்கள் ஒதுக்கவில்லை.

விளைவு கிளினிக் வாசலில் தெரிகிறது. விடிய ஐந்தரை, ஆறு மணிக்கே கொப்பியும் கையுமாக வரிசை. யாருக்குச் சீனி, யாருக்குப் பிறஷர், யாருக்குக் கொலஸ்ரோல் என்பது வாங்கில் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். இருபது வருசங்களுக்கு முன் இலங்கையில் செய்யப்பட்ட ஆய்வு, வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வில் அது 23 சதவீதமாக இருந்தது. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்களிடம் இன்னமும் ஒரு நல்ல பழக்கம் மிச்சமிருக்கிறது, சைக்கிள். 1990 இலிருந்து போரினால் பெற்றோல் வராத ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, மரக்கறி மூட்டை, நோயாளி, கலியாணப் பொம்பிளை எல்லாம் கரியரில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து உழக்கி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. பிறகு 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கொட்டிலுக்குள் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிள்களைக் கழுவி எண்ணெய் விட்டு எடுத்தோம். வைத்தியர்களும் அதிபர்களும் அலுவலர்களும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து வரிசை குறைந்ததும் சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குப் போனது.

எனக்கு அது பெரிய மனவருத்தம். கஷ்டகாலம் தந்த ஒரு நல்லதையும் கஷ்டகாலத்தோடு சேர்த்து வழியனுப்பிவிட்டோம். எல்லாவற்றுக்கும் சைக்கிள் என்று நான் கேட்கவில்லை. ஒரேயொரு பயணத்தைத் தெரிவுசெய்யுங்கள். பாண் வாங்கப் போவது, பின்னேரம் கோயிலுக்குப் போவது, பிள்ளையை ரியூசனால் கூட்டிவருவது, இவற்றில் ஒன்று. அது இனிமேல் ஸ்கூட்டியில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவுள்ள பலருக்கு நடப்பதைவிட உழக்குவது சுகமாகவும் இருக்கும்.

எவ்வளவு நடந்தால் போதும்? நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கு எங்கள் போன்களிலும் வந்துவிட்டது. அந்தக் கணக்கு மருத்துவத்தில் பிறந்ததல்ல. 1960களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்கும்போது அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. அவர்களுடைய சராசரி வயது 72. நாளுக்கு 2,700 காலடி அளவில் நடந்தவர்களோடு ஒப்பிட்டபோது, 4,400 காலடி நடந்தவர்களிடையே ஆய்வு நடந்த ஆண்டுகளில் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் கூடுதல் நன்மை பெரிதாகத் தெரியவில்லை. சுகமாக இருப்பவர்களே கூடுதலாக நடப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இருந்தாலும், ஒன்றுமில்லாததிலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது என்பது வேறு பல ஆய்வுகளும் சொல்லும் செய்தி. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலசைவு கேட்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அது 2020 இல் விட்டுவிட்டது. மூன்று நிமிடம் முற்றத்தில் நடந்தாலும் கணக்கில் சேரும். சமைத்துக்கொண்டே வாழ்கிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

72 வயது என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா. 2023 நவம்பரில் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில், அந்த வயதில், 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும், 800 மீற்றரில் வெண்கலமும் வென்று வந்தார். போரின் கொடுமையை மிக மோசமாக அனுபவித்த மாவட்டத்திலிருந்து ஒரு பெண், கழுத்தில் பதக்கங்களோடு திரும்பி வந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தபோது எத்தனை வீடுகளில் கண் கலங்கியிருக்கும். எல்லோரும் ஓடவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "இந்த வயதில் இனி என்ன" என்ற பேச்சை எங்கள் வீடுகளிலிருந்து எடுத்துவிட அவர் ஒருவர் போதும்.

சரி, ஏன் விட்டுப்போகிறது? நடக்கும் பெண்களோடு கதைத்துப் பாருங்கள், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரே காரணங்கள்தான் வரும். முதலாவது நாய். விடியற்காலையில் மதகடியில் படுத்திருக்கும் நாய்க்கூட்டம் தனியாக வருபவரைக் கண்டால் எழும்பும். இரண்டாவது பனி. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு போனாலும் "பனிக்குள்ளை போய்த் தடிமன் பிடிக்கப் போகுது" என்று வீட்டில் சத்தம். மூன்றாவதுதான் ஆகப் பெரியது. "எங்கை போறியள்?" வேலியால் எட்டிப் பார்த்து அன்போடு கேட்கும் கேள்விதான். ஆனால் கையில் பையும் இல்லாமல், கோயிலுக்கும் போகாமல், சும்மா நடக்கப் போகிறேன் என்று ஒரு பெண் பதில் சொல்ல எங்கள் ஊரில் இன்னமும் கொஞ்சம் துணிவு வேண்டும். வீட்டில் அத்தனை வேலை கிடக்க, தனக்காக அரை மணித்தியாலம் எடுப்பது தன்னலம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. கேட்பவர் மனதில் இல்லாவிட்டாலும் பதில் சொல்பவர் மனதில் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் சேர்த்து மருந்து ஒன்று உண்டு. இரண்டு பேராகப் போங்கள். இரண்டு பேர் தடியோடு போனால் நாய் பெரும்பாலும் ஒதுங்கும். இரண்டு பேர் போனால் ஊர் கேள்வி கேட்காது, "நானும் வரட்டோ?" என்றுதான் கேட்கும். பனிக்குப் பயந்தால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டு அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு படலையடியில் வந்து நின்று "என்ன, வெளிக்கிட்டாச்சோ?" என்று கூப்பிடும்போது, உங்களுக்கு அன்றைக்கு மனம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. வெளிக்கிட்டுவிடுவீர்கள். ஊக்கம் உள்ளே இருந்து ஊறும்வரை காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதற்கு எங்கள் மண்ணிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் போகும் பாதயாத்திரை. வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரை முழுவதையும் காலாலேயே கடந்து, கடைசியில் குமண, யால காட்டுக்குள்ளால் போகிறார்கள். ஒன்றரை மாதம்போல எடுக்கும். போர் அதைப் பல ஆண்டுகள் தடுத்து வைத்தது. மறுபடி வழி திறந்தபோது மறுபடி நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் போய்ப் பாருங்கள், பலர் வயதானவர்கள். ஊரில் சந்திக்கடை வரைக்கும் போக ஆட்டோ தேடுகிறவர்கள் அதற்குள் இருக்கிறார்கள். அவர்களை நடக்க வைப்பது பக்தி என்று சொல்லி முடித்துவிடலாம். பக்திதான் முதல். ஆனால் அந்த யாத்திரை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பாருங்கள். வெயில் ஏற முன் நடை, உச்சியில் மரநிழல், இருட்ட முன் ஒரு கோயில். எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள், எந்தக் கிணற்றில் குளிக்கலாம் என்பது முன்பே தெரியும். கால் கொப்பளித்தவருக்கு மற்றவர் மருந்து போடுவார். பின்தங்கியவருக்காகக் கூட்டம் நிற்கும். தொலைதூரத்தை யாரும் மொத்தமாக நினைப்பதில்லை, அடுத்த தங்குமிடத்தைத்தான் நினைக்கிறார்கள். யாருடைய மனவுறுதியையும் நம்பி அது அமைக்கப்படவில்லை. களைத்தவரையும் கூட்டிக்கொண்டு போகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் அரைமணி நடைக்கும் அதே அமைப்புத்தான் வேண்டும்: நேரம், இடம், துணை.

இடம் என்றால், எங்களுக்குக் குறையில்லை. யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்களுக்குப் பண்ணைக் கடற்கரையும் கோட்டையடியும் இருக்கின்றன. 2021 இல் புதுப்பித்துத் திறந்த ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. ஊர்களில் கோயில் வெளிவீதி இருக்கிறது. மணல், நிழல், கிணறு, சனம் எல்லாம் அங்கேயே. மூன்று தரம் சுற்றிக் கும்பிடுகிறவர்கள் பத்துத் தரம் சுற்றினால் தெய்வம் கோபிக்காது. கீரிமலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்குக் கேணி. கடலுக்குப் பக்கத்திலேயே ஊறும் அந்த நன்னீரில் நீந்துவதைவிடச் சுகமான அசைவு இந்தத் தீவில் வேறு உண்டா தெரியாது.

இனி நாளில் இடம் பிடிப்பதைப் பற்றி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு ஒரு புதிய பழக்கம் எத்தனை நாளில் தானாக நடக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். 2009 இல் வெளியான முடிவு: நடுக்கணக்காக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி, 22 ஆம் நாள் மனம் சலிக்கிறபோது தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெடவில்லை. வடமராட்சி ஆசிரியைக்கு இதுதான் முக்கியம். மழை பெய்த ஒரு நாளோ பேரனைப் பார்த்த ஒரு நாளோ பழக்கத்தைக் கெடுத்துவிடாது. மழை விட்ட அடுத்த நாள் போயிருந்தால் போதும்.

அந்த ஆய்வில் எல்லோருக்கும் கொடுத்த வழி ஒன்றுதான். ஏற்கெனவே நாள்தோறும் செய்கிற ஒன்றோடு புதியதைச் சேர்த்துக் கட்டுவது. எங்கள் வீடுகளில் அதற்கு அருமையான கொளுக்கிகள் உண்டு. திருநீறு பூச மறந்த நாள் என்று எங்கள் பெரியவர்களுக்கு ஒன்றில்லை. அப்படியானால் காலைக் குளிசைப் பெட்டி இருக்கவேண்டிய இடம் அடுப்படி அலுமாரி அல்ல, சுவாமி அறையில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கம். கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கம். தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதிக்கும் நேரத்தில் அடுப்படிச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு மற்றக் காலில். வயதானவர்கள் விழுந்து இடுப்பு முறியாமல் இருக்க இந்தச் சமநிலைப் பயிற்சி உதவும். ரீவியில் நாடகத்துக்கு நடுவில் விளம்பரம் வரும்போது கதிரையில் கையூன்றாமல் எழும்பி இருங்கள், முடிந்த தரம். மத்தியானச் சோறு தின்றதும் பாயைத் தேடாமல் முற்றத்தில் பத்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் அந்தச் சின்ன நடை இரத்தத்தில் ஏறும் சீனியைத் தணிக்கிறது. பின்னேரம் விளக்கு வைத்தபின் போனை ஒரு மணித்தியாலம் வேறு அறையில் வைப்பது இளையவர்களுக்கு.

சாப்பாட்டில் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன், தேத்தண்ணிச் சீனி. உங்கள் வீட்டுத் தேக்கரண்டியை எடுத்துப் பாருங்கள். நிரப்பி அள்ளினால் ஒன்றில் நான்கு, ஐந்து கிராம் சீனி இருக்கும். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, விடிய எழும்பியதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வீட்டுக்கு ஆள் வந்தால் அவரோடு ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று. அதற்குள் பத்துக் கரண்டி போய்விட்டது. நாள் முழுவதுக்கும் ஆறு கரண்டிக்குள், அதாவது 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பெரியவர்கள் சீனி போடாத சாயத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சின்னத் துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வார்கள். பனங்கட்டியிலும் சீனிதான் இருக்கிறது, நீரிழிவு உள்ளவர்களுக்கு அது விலக்கல்ல என்று நினைக்கக்கூடாது. ஆனால் கடித்துக் குடிக்கும்போது எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கரைத்துக் குடிக்கும்போது தெரியாது. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

மற்றவை எங்கள் கைக்கெட்டின தூரத்திலேயே இருக்கின்றன. வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி. இப்போது பனங்கிழங்குக் காலம். அவித்து, தும்பு நீக்கி, மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து இடித்துத் தின்னும் அந்தக் கிழங்கில் நார்ச்சத்து நிறைய. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகத்தில் ஒரு காலை போய் நின்று பாருங்கள். பெண்கள் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பில் குரக்கன் ரொட்டி போடுகிறார்கள். இலைக்கஞ்சியை ஆவி பறக்கக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளும், வேலைக்குப் போகிறவர்களும், கிளினிக் முடிந்து வருகிறவர்களும் பக்கம் பக்கமாக நின்று குடிக்கிறார்கள். நோயாளிக்கான பத்தியமாக அல்லாமல், பசிக்கு விரும்பிச் சாப்பிடும் சாப்பாடாக அது விற்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வீட்டில் பிட்டைக் குறைத்துக் கறியைக் கூட்டினாலே பாதிக் காரியம் முடிந்தது. எங்கள் தட்டில் இப்போது பிட்டு மலையாகவும் கீரை அதன் அடிவாரமாகவும் இருக்கிறது.

உடம்பைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் படிப்பித்தார். அவர் 1850களில் தமிழில் வெளியிட்ட முதல் பெரிய மருத்துவ நூலில் உடற்கூறும் உடலியக்கமும் மட்டுமல்லாமல், உடம்பைச் சுகமாகப் பேணும் முறையும் ஒரு பங்காக இருந்தது. நோய் வந்தபின் பார்ப்பதற்கு முன்னால், வராமல் பேணுவதைச் சொல்லவேண்டும் என்ற நினைப்பு நூற்றெழுபது வருசங்களாக இங்கே இருக்கிறது.

மனம் களைத்தால் கால் எழும்பாது. இதைச் சொல்லாமல் நடையைப் பற்றி மட்டும் சொல்லிப்போவது நியாயமில்லை. பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து போய்விட்ட பெரிய வீட்டில் இரண்டு வயதானவர்கள். காணாமற்போனவருக்காக இன்னமும் காத்திருக்கும் தாய். படுக்கையில் கிடக்கும் மாமியைப் பார்க்கும் மருமகள். இவர்களிடம் "உற்சாகமாக இருங்கோ" என்று சொல்வது வெறும் சொல். யாழ்ப்பாணத்தில் போர் நடுவில் மனநல மருத்துவராகப் பணிசெய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் நம்பிக்கையிலிருந்தே ஆறுதல் பயிற்சியை எடுத்தார். சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். ஆறுதலாக மூச்சை விட்டு, பழகிய அந்தச் சொல்லை மெல்லத் திருப்பித் திருப்பிச் சொல்வது. எங்கள் பாட்டிமார் விளக்கடியில் கண்ணை மூடி இருந்து செய்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. செலவில்லாத பயிற்சி இது. இரவு நித்திரைக்கு முன் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் குழம்பி, எதிலும் மனம் ஒட்டாமல் போனால் அது சோம்பல் இல்லை, வருத்தம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1987 இலிருந்து உளவளத்துணை கொடுத்துவரும் சாந்திகம் இருக்கிறது. வெளிக்கிட முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழில் கதைக்கலாம். நோயாளியைப் பார்க்கிறவருக்குக் கிழமையில் ஒரு பின்னேரம் ஓய்வு கொடுப்பது வீட்டில் மற்றவர்களின் கடமை. அண்ணன் தம்பிமாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அம்மாவைப் பார்ப்பது உங்கள் அக்காவின் வேலை மட்டும் இல்லை.

35 வயதைத் தாண்டியவர்கள் ஒரு நோயும் இல்லாவிட்டாலும் கிட்ட உள்ள அரச வைத்தியசாலையில் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போய் வாருங்கள். நிறை, உயரம், பிறஷர், இரத்தச் சீனி பார்ப்பார்கள், காசு இல்லை. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் விடியவே போனால் சீனி பார்க்க வசதி. பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கைத் தவறவிடவேண்டாம். அங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் மார்புக் கட்டிக்கும் பார்க்கிறார்கள். 2011 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி சேர்ப்பதற்காகத் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து வந்தார்கள். எங்களுக்காக அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு அந்தக் கிளினிக் வாசல்வரை நாங்கள் போகலாம்.

வடமராட்சி ஆசிரியைக்கும் அவரைப்போல எழுதிய மற்றவர்களுக்கும் ஒரு ஏற்பாடு செய்ய நினைத்திருக்கிறோம். நீங்கள் ஏற்கெனவே நடக்கிறவராக இருந்தால் ஒரு தபாலட்டையில் மூன்று விடயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள்: எந்த ஊர், எந்தக் கோயிலடி அல்லது சந்தி, எத்தனை மணிக்கு. பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டாம். பங்குனி இதழில் ஊர் ஊராகப் பட்டியல் போடுகிறோம். தனியாக வெளிக்கிடத் தயங்குகிறவர்கள் அதைப் பார்த்து வந்து சேர்ந்துகொள்ளட்டும். மாசி 20 ஆம் திகதிக்கு முன் எங்களுக்குக் கிடைக்கவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்